கைநாட்டு வைக்கும் முன்னால்...

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு புரட்டாசி மாதம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சின்ன வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். விலையைக் கேட்டு மனசு சரியில்லாத நேரம். அப்போது அத்தை போன் செய்தார்.

"மருமகனே, வெள்ளரிக் கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க. தாள்ல கைநாட்டு வைக்கச் சொல்றாங்க. வைக்கட்டுமா?"

"என்ன தாளு அத்தே?"

"காய் வாங்கிக்கிறதுக்குத்தானாம்."

"அப்ப வைங்க. சாயங்காலம் வந்து பாத்துக்கிறேன்."

இவ்வளவுதான் பேச்சு. அரை நிமிஷம் இருக்கும். அன்று சாயங்காலம் நான் போகவில்லை. அந்த வாரமே போகவில்லை. அந்த அரை நிமிஷப் பேச்சுக்காக அத்தை பதினாலு மாதம் அலைந்தார். எழுதப் படிக்கத் தெரியாதது அவர் குற்றமில்லை. படிக்கத் தெரிந்த நான் படிக்காமல் விட்டதுதான் குற்றம். அதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஆறு தாள், எட்டு ரேகை

அத்தை எங்க அப்பாவுக்கு மூத்தவர். மாமா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ரெண்டு மாடு. ஏழு வருஷமாக அந்த நிலத்தில் யூரியா விழவில்லை, விஷமருந்து விழவில்லை. பலதானியம் விதைத்து மடக்கி உழுவதில் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "இதுக்கு இன்னும் ரெண்டு மழை வேணும்"னு சொல்வார். சொன்னது சரியாக இருக்கும். அவரைத்தான் ஊர் 'கைநாட்டு' என்று சொல்கிறது.

அந்த வருஷம் வெங்காயம் கைவிட்டது. பேரனுக்குக் கல்லூரியில் பணம் கட்டவேண்டிய நேரம். ஊறுகாய்க்கு ஏற்றுமதியாகிற குட்டி வெள்ளரியை, கெர்கின் என்பார்களே, அதை ஒப்பந்தத்துக்குப் போடச் சொல்லி ஒரு கம்பெனியின் பீல்டு ஆபீசர் ஊருக்குள் வந்தார். விதை தருவோம், கொடி கட்டச் சணல் தருவோம், காயை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்றார். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்.

"தம்பி, நான் மருந்து அடிக்க மாட்டேன். பரவாயில்லையா?"

"அதெல்லாம் உங்க இஷ்டம்மா."

அத்தை ஆறு தாளில், எட்டு இடத்தில், இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டது, அந்தப் பக்கம் பைக்கில் போன ஒரு பையன். அவனும் படிக்கவில்லை. நகல் ஒன்றும் தரவில்லை. "ஆபீஸ்ல சீல் வச்சுக் கொண்டாறோம்" என்றார்களாம்.

அரை ஏக்கரில் வெள்ளரி போட்டார். முளைப்பு நன்றாக வந்தது. மூன்றாவது வாரம் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து, கூடவே ரெண்டு மூட்டை ரசாயன உரம். அத்தை பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் வைத்துவிட்டு மோரும் பஞ்சகவ்யாவும் தெளித்தார். காய் எடுக்க ஆரம்பித்துப் பதினைந்து நாள் ஆனதும் மழை பிடித்துக்கொண்டது. அடிச்சாம்பல் நோய் வந்து இலை மஞ்சளாகிக் காய்ந்தது. காய் குறைந்தது. வந்த காயும் 'வளைசல்' என்று திரும்பி வந்தது. பீல்டு ஆபீசர் கொட்டகையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மருந்து அடிக்கணும்னு அக்ரிமெண்ட்ல இருக்கும்மா. நீங்கதான் மீறிட்டீங்க."

ரெண்டு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. இடுபொருள் கடன், நஷ்ட ஈடு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். அதற்கு ஆதாரமாக அத்தை எழுதிக் கொடுத்த புரோ நோட்டு. வட்டி நூற்றுக்கு 24.

"நான் எந்தப் பணமும் வாங்கலியே மருமகனே?" என்றார் அத்தை. அவர் வைத்த எட்டு ரேகையில் ஒன்று, தொகை எழுதாத புரோ நோட்டில் விழுந்திருக்கிறது.

ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நாலு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். நானும் பட்டம் வாங்கியவன்தான். ஆனால் அந்த ஆங்கிலத்துக்கு முன்னால் நானும் பாதிக் கைநாட்டுத்தான். கம்பெனி சொல்லும் மருந்தைத்தான் அடிக்கவேண்டும், தரத்தைக் கம்பெனியே முடிவு செய்யும், வழக்கு என்றால் கம்பெனி இருக்கும் ஊர் கோர்ட்டில்தான் நடக்கும் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. இந்த ஒப்பந்தம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு ரேகை வைக்கிறேன் என்று. அந்த வரியும் ஆங்கிலத்தில்தான் அச்சாகியிருந்தது.

சட்டம் யார் பக்கம்?

தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அத்தையைக் கூட்டிப் போனேன். அங்கே ஒதுக்கித் தந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் விவகாரத்துக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள். ஆனால் அடிப்படை எல்லா உழவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

முதலில் ஒரு கசப்பு. 'எனக்குப் படிக்கத் தெரியாது' என்பதால் மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வயது வந்த, புத்தி சுவாதீனமுள்ள எவரும் ஒப்பந்தம் செய்யலாம். படிப்பை அது கேட்கவில்லை. எழுதத் தெரியாதவர் வைக்கும் குறியும் கையெழுத்துத்தான் என்பது சட்டம். ரேகைக்குக் கையெழுத்தை விட மதிப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அடுத்தது ஆறுதல். அதே சட்டம், சம்மதம் என்றால் ரெண்டு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வது என்கிறது. ஏமாற்றியோ, பொய்யான விவரம் சொல்லியோ, மிரட்டியோ, தன் செல்வாக்கால் அமுக்கியோ வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. அப்படி வாங்கிய ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம்மாட்கள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். 'இது குத்தகைப் பத்திரம்' என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் ரேகை வாங்கினால், ஆவணத்தின் தன்மையே பொய். அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. 'கிரயம்தான், ஆனா ஒரு ஏக்கருக்கு மட்டும்' என்று சொல்லி ரெண்டு ஏக்கரை எழுதிக்கொண்டால், தன்மை உண்மை, உள்ளடக்கம் பொய். அது தானாகச் செல்லாமல் போகாது. நாம்தான் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யவேண்டும். கணவர் எழுதி வாங்கிய ஒரு தானப் பத்திரம் தொடர்பான வழக்கில், 1968-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரத்து கேட்க, ஏமாற்றம் தெரியவந்த நாளிலிருந்து மூன்றே வருஷம். 'சொந்தக்காரன்தானே, பேசிக்கலாம்' என்று நாலு வருஷம் பேசிக்கொண்டே இருந்தால் கதவு சாத்திவிடும்.

இந்தச் சிந்தனை இன்று நேற்று வந்ததல்ல. 1582-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம், பாக்கி வாடகையை மட்டும் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி, நிலத்தின் மேல் இருந்த உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் முத்திரை வாங்கிவிட்டார்கள். தவறாக வாசித்துச் சொல்லப்பட்ட பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். நானூறு வருஷத்துக்கு மேலாக உலகத்தில் இருக்கிற பாதுகாப்பு இது. நம் கிராமத்துக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை.

மூன்றாவது, யார் நிரூபிக்கவேண்டும் என்பது. பொதுவாக, ஏமாற்றப்பட்டேன் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்கவேண்டும். ஆனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே, வீட்டைவிட்டு வெளியே வராத கோஷாப் பெண்களுக்காக நீதிமன்றங்கள் ஒரு விதி வகுத்தன. அப்படிப்பட்டவரிடம் பத்திரம் வாங்கினவர்தான், அது படித்துக் காட்டப்பட்டது, அவருக்குப் புரிந்தது, புரிந்தே சம்மதித்தார் என்று காட்டவேண்டும். இந்தப் பாதுகாப்பை எழுத்தறியாத பெண்களுக்கும் நீதிமன்றங்கள் நீட்டித்தன. 2003-இல் உச்ச நீதிமன்றம், நூறு வயது தாண்டிய, எழுத்தறியாத முதியவர் ஒருவர் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பத்திரம் பற்றிய வழக்கில், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்து பலன் பெற்றவர்கள்தான் நேர்மையை நிரூபிக்கவேண்டும் என்றது.

"அப்ப நாம ஜெயிச்சுருவோமா அம்மா?" என்றேன்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "புரிஞ்சுதான் வச்சாங்கன்னு அவங்க சாட்சி கொண்டு வருவாங்க. இவங்க தோட்டம் தொரவு பாக்கிறவங்க, வெவரமானவங்கன்னு சொல்லுவாங்க. புரோ நோட்டு வேற இருக்கு" என்றார்.

புரோ நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முத்திரை ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவர் அதைப் பூர்த்தி செய்துகொள்ள நாமே அதிகாரம் கொடுத்ததாக மாற்றுமுறை ஆவணச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பணம் கைமாறியது என்றும் முதலில் ஊகித்துக்கொள்கிறது. இல்லை என்று நாம்தான் காட்டவேண்டும். வெற்றுப் புரோ நோட்டும் வெற்றுக் காசோலையும் நம் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பது மாதிரி.

ரேகை தாளுக்கு வந்த கதை

படித்துக்கொண்டு போனபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. 1858-இல் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடத்தில், வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குக் கப்பி தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்ததாரரின் உள்ளங்கையில் மை பூசி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அழுத்தி வாங்கினார். நாளைக்கு 'அது என் கையெழுத்தே இல்லை' என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. பிற்பாடு உலகம் முழுக்கப் பரவிய ரேகைப் பதிவின் தொடக்கங்களில் அது ஒன்று. ஆக, நம் ஆள் தாளில் ரேகை வைக்க ஆரம்பித்ததே அவரைக் கட்டிப்போடத்தான். அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை எந்த மையும் பதிவு செய்வதில்லை.

அதே வங்காளத்தில் அதே காலத்தில் அவுரித் தோட்டக்காரர்கள், முன்பணம் கொடுத்து உழவர்களை ஒப்பந்தத்தில் மாட்டினார்கள். கடன் தலைமுறைக்கும் தீரவில்லை. 1859-இல் உழவர்கள் அவுரி விதைக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். பீகாரின் சம்பாரணில் அவுரி தொடர்ந்தது. இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கு அவுரி போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம். செயற்கைச் சாயம் வந்து அவுரி விலை விழுந்ததும், 'அவுரியிலிருந்து விடுவிக்கிறோம், வாரத்தை உயர்த்தி எழுதிக் கொடுங்கள்' என்று பத்திரம் வாங்கினார்கள். 1917-இல் காந்தி அங்கே போனபோது முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? ராஜேந்திர பிரசாத் போன்ற வக்கீல்களை உட்காரவைத்து, உழவர்கள் சொல்லச் சொல்ல வாக்குமூலங்களை எழுதவைத்தார். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் சேர்ந்தன. 1918-இல் சட்டம் வந்து அந்தக் கட்டாயம் ஒழிந்தது. படித்தவன் படிக்காதவன் பக்கத்தில் உட்கார்ந்ததால் நடந்தது அது.

நான் அன்று மார்க்கெட்டில் இருந்தேன். அத்தை பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

எப்படி முடிந்தது

வக்கீலம்மா முதலில் பதில் நோட்டீஸ் அனுப்பினார். ஒப்பந்தம் வாசித்துக் காட்டப்படவில்லை, நகல் தரப்படவில்லை, மருந்து அடிப்பது உங்கள் விருப்பம் என்று சொல்லித்தான் ரேகை வாங்கினீர்கள், புரோ நோட்டு வெற்றாக வாங்கப்பட்டது என்று தேதி போட்டு எழுதினார். சாட்சி போட்ட பையனைத் தேடிப் பிடித்தோம். "நான் ஒண்ணும் படிக்கலண்ணே, அவங்களும் படிச்சுக் காட்டல" என்று அவன் உண்மையைச் சொல்லச் சம்மதித்தான். அவனுக்கு இன்றும் நன்றி. பிரிக்காத பெட்டியும் மூட்டைகளும் கொட்டகையில் அப்படியே இருந்ததைப் போட்டோ எடுத்து வைத்தோம். அத்தை பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்ததுதான் எங்களுக்குப் பெரிய ஆதாரமானது.

வழக்குப் போடுவதற்கு முன்பே பேசித் தீர்க்கச் சட்டப் பணிகள் குழுவில் வழியுண்டு. நாலு அமர்வு நடந்தது. ரெண்டு முறை கம்பெனித் தரப்பில் யாரும் வரவில்லை. கடைசியில் லோக் அதாலத்தில் முடிந்தது. பிரிக்காத பெட்டியும் உரமும் திருப்பித் தரப்பட்டன. விதைக்கும் சணலுக்கும் உண்டான 6,500 ரூபாயிலிருந்து, பதினைந்து நாள் எடுத்த காய்க்கான பாக்கியைக் கழித்து, மீதியை அத்தை கட்டினார். புரோ நோட்டைத் திருப்பி வாங்கி, குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி வைத்திருக்கிறோம். லோக் அதாலத் தீர்ப்பு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. செலவு எங்களுக்குப் பஸ் கட்டணம்தான்.

இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பதினாலு மாதத்தில் அத்தை பத்து கிலோ இளைத்தார். ஒரு போகம் போயிற்று. பேரனின் பணத்துக்கு ஒரு மாட்டை விற்றார். நிலம் மட்டும் கெடவில்லை. கடன்காரி என்று பெயர் வாங்கினாலும் மருந்து அடிக்கமாட்டேன் என்று நின்றது அவர். ஒருமுறை அடித்திருந்தால் சான்றிதழுக்கு மறுபடியும் மாறுதல் காலம் எண்ணவேண்டும். ஏழு வருஷ உழைப்பைச் சட்டம் திருப்பித் தராது.

அத்தையின் வழக்கில் எனக்குப் புரிந்தது இதுதான். சட்டப் பாதுகாப்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது ரேகை வைத்த பிறகு, கோர்ட் வாசலில், சாட்சியும் ஆதாரமும் கையில் இருந்தால் வேலை செய்கிற பாதுகாப்பு. அசல் பாதுகாப்பு, மையில் விரலை வைக்கிறதுக்கு முந்தின பத்து நிமிஷத்தில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் நம் ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்து படிக்கவேண்டும்.

செய்யவேண்டியது என்ன?

1. வாசிப்பவர் நம்மவராக இருக்கணும். தாள் கொண்டுவந்தவரே படித்துக் காட்டினால் அது வாசிப்பாகாது. 'ஒரு நாள் வீட்டுல வச்சுப் பாத்துட்டுத் தர்றேன்' என்று கேளுங்கள். ஒரு நாள் தர மறுப்பவரிடம் ஒரு போகத்தைக் கொடுக்கலாமா?

2. கேட்டவர் திருப்பிச் சொல்லணும். வாசித்து முடித்ததும் 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். 'இதுல என்ன சொல்லியிருக்கு, நீங்க சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் தன் வாயால் சொன்னால்தான் புரிந்தது என்று அர்த்தம்.

3. தமிழில் கேளுங்கள். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். ரேகைக்குக் கீழே, வாசித்துக் காட்டியவர் தன் பெயர், ஊர், தேதி எழுதிக் கையெழுத்திடட்டும். வாசிக்காமலே 'வாசித்துக் காட்டப்பட்டது' என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அந்த வரி நாளைக்கு நமக்கு எதிரான சாட்சி.

4. வெற்றிடம் வேண்டாம். நிரப்பாத இடங்களில் கோடு போடுங்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். வெற்றுப் புரோ நோட்டு, வெற்றுக் காசோலை, வெற்று முத்திரைத் தாள் எதற்கும் ரேகை கிடையாது.

5. நகல் அன்றைக்கே. 'சீல் வச்சுத் தர்றோம்' என்றால் அங்கேயே போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள்.

6. கடன் என்றால். வங்கிகளும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களும், 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கிற புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வட்டி, கட்டணம், தவணை எல்லாம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும், விளக்கிச் சொல்லவும் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

7. ஒப்பந்தச் சாகுபடி என்றால். தமிழ்நாடு 2019-இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது அதன் அடிப்படை. 'பதிவு ஆயிருக்கா?' என்று முதல் கேள்வி கேளுங்கள். இயற்கை உழவர்கள் இன்னும் நாலு கேள்வி கேட்கவேண்டும். இடுபொருளை யார் முடிவு செய்வது? தரத்தை யார், எங்கே வைத்து முடிவு செய்வது? நோய், மழை, வறட்சி வந்தால் நஷ்டம் யாருக்கு? தகராறு வந்தால் எந்த ஊர்?

8. நிலப் பத்திரம் என்றால். இது கிரயமா, அடமானமா, குத்தகையா, பவரா என்று பத்திரத் தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். 'கடனுக்குத்தான், சும்மா கிரயமா எழுதிக்குவோம், பணம் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்' என்ற பேச்சில்தான் நம் பக்கத்தில் எத்தனையோ ஏக்கர் கைமாறியிருக்கிறது. அது உண்மையில் கடன்தான் என்று பிற்பாடு கோர்ட்டில் காட்ட வழியுண்டு. ஆனால் அது நெடும்பயணம். சார்பதிவாளர் முன்னால் 'எழுதிக் கொடுத்தது நீங்கதானா?' என்று கேட்கும்போது தலையாட்டிவிடாதீர்கள். பத்திர எழுத்தர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லவேண்டியதில்லை. மனசில் சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

9. ஏமாந்தது தெரிந்தால். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தெரிந்த நாளைக் குறித்து வையுங்கள். பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புங்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் பேசினால் வழி சொல்வார்கள்.

நம் வீட்டுக்குள்ளே

கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. நம் குழுக்களில் என்ன நடக்கிறது? குழுச் சான்றிதழுக்கு ஒவ்வொரு உழவரும் குழுவோடு ஒப்பந்தம் போடுகிறார். அந்தத் தாளை வாசித்துக் காட்டியிருக்கிறோமா? கூட்ட முடிவில் தீர்மான நோட்டைச் சுற்றுக்கு விட்டு, மை டப்பாவை நீட்டி, 'இங்க வைங்கம்மா' என்கிறோம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் பங்கு சேர்க்கும்போதும் இதேதான். நல்ல எண்ணத்தோடு செய்தாலும், படிக்காமல் ரேகை வைக்கிற பழக்கத்தை ஊட்டுவது நாமும்தான். அந்தப் பழக்கத்தைத்தான் அடுத்து வருகிற ஏமாற்றுக்காரன் அறுவடை செய்கிறான்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஊருக்கு ரெண்டு பேர் வாசிப்பாளர்கள், ஒரு ஆண், ஒரு பெண். யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் அவர்களில் ஒருவர் போய் உட்காரவேண்டும். கூலி ஒரு டம்ளர் காபி. அவர்களுக்குப் புரியாத ஆங்கிலம் என்றால், புரியவில்லை என்று சொல்லி வக்கீலிடம் கொண்டுபோகவேண்டும். புரியாததைப் புரிந்த மாதிரி சொல்லும் வாசிப்பாளர், பீல்டு ஆபீசரை விட ஆபத்து.

போன தை மாதம், எங்கள் குழுவின் கேழ்வரகை எடுத்துக்கொள்ள நகரத்து அங்காடி ஒன்று முன்வந்தது. ஒப்பந்தம் தமிழில்தான் இருந்தது. அத்தை வீட்டுத் திண்ணையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். நான்தான் வாசித்தேன். நாலாவது பிரிவில், தரம் குறைவாக இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்ப வாங்குபவருக்கு உரிமை உண்டு என்று படித்துவிட்டு அஞ்சாவதுக்குப் போனேன்.

"நில்லு மருமகனே" என்றார் அத்தை. "தரம் கொறவுன்னு யாரு சொல்றது? அவங்க கடையில வச்சுச் சொல்றதா, நம்ம களத்துல வச்சுச் சொல்றதா? திருப்பி அனுப்புனா வண்டி வாடகை யாரு குடுக்குறது?"

எழுதப் படிக்கத் தெரிந்த பத்துப் பேருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அங்காடிக்காரருக்குப் போன் போட்டோம். அவர் நியாயமானவர். களத்திலேயே ரெண்டு தரப்பும் பார்த்து மாதிரி எடுப்பது, அதற்குப் பிறகு திருப்பி அனுப்புவதில்லை என்று நாலாவது பிரிவை மாற்றி எழுதினார். அத்தையை முழுவதையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு பிரிவாக, விரல் மடக்கி, ஒன்று விடாமல் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் மை டப்பாவைத் திறந்தோம்.